சகலன் மெசினில் எட்டு மெகாபைட்

கொம்பியூட்டர் திருத்தும் தொழிலில் பாதி நேரம் மூடியைக் கழற்றிப் பூட்டுவதில் போகும், மீதி நேரம் "மற்றத் தம்பி வரேல்லையோ?" என்ற கேள்விக்குப் பதில் சொல்வதில் போகும்.

எண்பத்தொன்பதாம் ஆண்டளவில், யாழ்ப்பாணப் பட்டினத்தில் ஒரு புடைவைக் கடையின் மேல்மாடியில், நாங்கள் இரண்டு பேர் கொம்பியூட்டர் விற்றும் திருத்தியும் பிழைத்துக்கொண்டிருந்தோம். ஒன்று நான், குணரத்தினம். மற்றது ஜெயசீலன். ஒரு சாமானுக்குப் பொருந்தும் இன்னொரு சாமானைத் தேடிக் கடைகடையாய் ஏறி இறங்கி, "உது உதுக்குச் சரிவராது" என்ற பதிலோடு வீடு திரும்பியவர் எவருக்கும் என் பாடு விளங்கும். பக்கத்தில் நிற்பவனுக்கு மாத்திரம் எல்லாம் சரிவருவதைப் பார்த்து வயிறெரிந்தவர்களுக்கு இன்னும் நன்றாக விளங்கும்.

மற்றத் தம்பி

ஜெயசீலன் குருநகர்ப் பொடியன். நானும் அவனும் கொழும்பில் ஒரே வகுப்பில், ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். ஒரே சேர்ட்டிபிக்கற். ஆனால் அவனுக்குக் கோயிலில் பாடிப் பழகிய குரல், பல் தெரியச் சிரிக்கும் சிரிப்பு. வாடிக்கையாளரின் பிள்ளைகள் எந்த வகுப்பில் படிக்கிறார்கள் என்பது வரை அவனுக்குத் தெரியும். எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர்களுடைய மெசினில் எந்த ஆணி கழன்றிருக்கிறது என்பதுதான்.

ஒருநாள், பிள்ளைகளுக்குத் தனி வகுப்பு நடத்தும் ஒரு ரியூட்டறியில் பிரின்ரர் வேலை செய்யவில்லை என்று போனேன். காலையிலிருந்து கழற்றினேன், துடைத்தேன், பூட்டினேன். கடைசி ஆணியை இறுக்கிக்கொண்டிருக்கும்போது அந்தப் பக்கமாக வந்த ஜெயசீலன் உள்ளே எட்டிப் பார்த்து, "என்ன மாஸ்ரர், சுகமோ?" என்று கேட்டபடி சுவிச்சைப் போட்டான். பிரின்ரர் கடகடவென்று ஓடத் தொடங்கியது. ரியூட்டறிக்காரருக்கு முகமெல்லாம் மலர்ச்சி. என் பக்கம் திரும்பி மிகுந்த அன்போடு சொன்னார்: "பாத்தீரே, கைராசி எண்டால் உதுதான். நீரும் உவரோடை கொஞ்சநாள் நிண்டு பழகும்."

படி வைத்தால் நிற்கும் மெசின்

மருதனார்மடத்துக்குக் கிட்ட எஞ்சினியர் சிவபாதம் என்று ஒருவர் இருந்தார். வளைகுடா நாட்டில் உழைத்து வந்தவர். கட்டிடப் படம் கீறுவதற்கென்றே சிங்கப்பூரிலிருந்து ஒரு பெரிய கொம்பியூட்டர் கொண்டுவந்திருந்தார். நாங்கள் விற்கும் சாதாரண மெசின்கள் நாலைந்தை அதன் விலைக்கு வாங்கலாம். அதற்கென்று தனி அறை, தனிக் குளிரூட்டி, அவர் மனைவி புஷ்பமக்கா பூப்போட்டுத் தைத்த உறை. நான் அந்த அறைக்குள் போகும்போது செருப்போடு சேர்த்து என் பெருமையையும் வாசலில் கழற்றி வைத்துவிட்டுத்தான் போவேன்.

அவர் அப்போது தங்கள் ஊருக்கு ஒரு பிரசவ விடுதி கட்டப் பிளான் கீறிக்கொண்டிருந்தார். ஊரில் சண்டையில் இடிந்த பழைய விடுதிக்குப் பதிலாக அது. வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர் செலவைப் பொறுப்பெடுக்க ஆயத்தம், ஆனால் இரண்டு மாடிக்கும் முழுப் பிளான் கைக்கு வந்தால்தான் என்று சொல்லிவிட்டார்கள். கீழ்மாடி வடிவாக வந்தது. மேல்மாடிச் சுவரும் வந்தது. இரண்டையும் இணைக்கும் படிக்கட்டைக் கீறத் தொடங்கினால் மெசின் அப்படியே நின்றுவிடும். மெமரி காணாது, போதாது. மெமரி என்பது கொம்பியூட்டர் வேலை செய்யும்போது விரித்து வைக்கும் மேசை மாதிரி. மேசை சிறிதென்றால் பெரிய பிளானை முழுதாக விரிக்க இடம் இராது. நாலு மெகாபைட் இருக்கிறது, இன்னும் நாலு போட வேண்டும் என்று விளக்கினேன். அவர் திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப தம்பி, பிள்ளை பெற வாற பெண்டுகள் மேல்மாடிக்கு ஏணி வைச்சே ஏறுறது?"

கொம்பனிச் சாமான்

அந்த மெசினைச் செய்த கொம்பனியே அதற்கான மெமரியையும் விற்றது. கொழும்பிலிருந்த முகவரிடம் நான் நேரே போய்க் கேட்டேன். விலையைச் சொன்னார். பிழையாகக் கேட்டுவிட்டதோ என்று இன்னொரு தரம் கேட்டேன். அதே விலைதான். அதுவும் எடுப்பித்து வர மாதக்கணக்காகும்.

"வேறு ஆட்கள் செய்கிற மெமரி மலிவாக இருக்கிறதே, அதைப் போட்டால் என்ன?" என்றேன். அவர், கோயிலுக்குள் செருப்போடு வந்தவனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். போட்டால் மெசின் ஏற்காது, ஏற்றாலும் தாங்கள் பொறுப்பில்லை என்றார். எழும்பி வாசல் வரை வந்துவிட்டேன். பின்னாலிருந்து கூப்பிட்டார். மனம் மாறிவிட்டாராக்கும் என்று ஆவலோடு திரும்பினேன். "அதுசரி, ஜெயசீலன் எப்பிடி இருக்கிறார்? அடுத்தமுறை அவரை அனுப்பும், விலையிலை ஏதும் கழிவு குடுக்கேலுமோ எண்டு கதைச்சுப் பாப்பம்."

வெங்காயத்துக்கு எட்டு

பிளான் அவசரம் என்பது உண்மை. ஆனால் எஞ்சினியர் ஐயா நித்திரையில்லாமல் தவித்ததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. புஷ்பமக்காவின் தங்கையைக் கட்டியவர் தருமலிங்கம். கரவெட்டியில் வெங்காய வியாபாரம். லொறி லொறியாகக் கொழும்புக்கு ஏற்றுகிறவர். அவரும் ஒரு கொம்பியூட்டர் வாங்கியிருந்தார். பெயரில்லாத மெசின், சிங்கப்பூரில் ஒரு கடைக்காரன் மேசையில் வைத்துப் பூட்டிக் கொடுத்தது. அதற்குள் எட்டு மெகாபைட் இருந்தது.

இது ஒரு பிள்ளையின் பிறந்தநாள் வீட்டில், இலை போட்டுச் சாப்பிடும்போது தெரியவந்ததாம். "அண்ணை, உங்கடை மெசினிலை எத்தினை?" என்று தருமலிங்கம் கேட்டிருக்கிறார். சபையே ஐயாவைத் திரும்பிப் பார்த்ததாம். அதை ஐயாவே எனக்குச் சொன்னார். ஒரே மாமனார் வீட்டில் பெண் எடுத்தவர்களுக்குள் இருக்கும் போட்டி எப்படிப்பட்டது என்று நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. எனக்கு அவர்மேல் திடீரென்று ஒரு பாசம் வந்தது. ஒரே வாங்கில் இருந்து படித்தவனைப் பற்றி நான் நினைத்துக்கொண்டிருந்ததைத்தான் அவர் வாய்விட்டுச் சொன்னார்: "நான் கட்டிடம் கட்டுறன், தம்பி. உவன் வெங்காயம் கூட்டிக் கழிக்கிறான். உவனுக்கு எட்டு, எனக்கு நாலோ?"

ஆனையிறவில்

கொழும்புப் புறக்கோட்டையில் ஒரு கடையில் நாலு மெமரிப் பலகைகள் கிடைத்தன. சீப்புப் போல நீளமாக, வரிசையாகக் கறுத்தச் சிப்புகள் ஒட்டியவை. "எந்த மெசினுக்கும் போகும்" என்று கடைக்காரர் சத்தியம் பண்ணாத குறை. பத்திரிகைக் கடதாசியில் சுற்றி, சேட்டுப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

அப்போது இந்தியப் படை நின்ற காலம். யாழ்ப்பாணத்துக்குள் நுழையும் ஆனையிறவில் எல்லாரையும் இறக்கிச் சோதித்தார்கள். என் பையிலிருந்த பொட்டலத்தைப் பிரித்த சிப்பாய் தமிழ்நாட்டுக்காரர் என்பது வாயைத் திறந்ததும் தெரிந்தது. "என்ன சார் இது, ரேடியோவா?" என்றார். கொம்பியூட்டருக்கு மெமரி, பிரசவ விடுதிக்குப் படிக்கட்டு, எஞ்சினியர், வெங்காயம் என்று ஒன்றும் விடாமல் சொன்னேன். அவர் பலகையை வெயிலுக்குத் தூக்கிப் பிடித்து நெடுநேரம் பார்த்தார். பிறகு பத்திரமாகச் சுற்றித் திருப்பித் தந்தார். "எங்க ஊர்ல கம்ப்யூட்டரையே ஒருத்தரும் கண்ணால பாத்ததில்ல. உங்களுக்கு அது பத்தாதுன்னு உள்ள வேற சேக்குறீங்களா?"

மூடி மூடாத மெமரி

நல்ல நேரம் பார்த்துப் பூட்டினோம். அதாவது புஷ்பமக்கா பார்த்தார். பலகைகள் இறுகப் பொருந்தின. எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி மூடியைப் போடும் வரைதான் நின்றது. பலகையின் உயரம் அதிகம். மூடி அதன்மேல் ஏறி நின்றது. சரி, மூடி இல்லாமலே பார்ப்போம் என்று சுவிச்சைப் போட்டேன். மெசின் கீகீயென்று கத்தத் தொடங்கியது. நிறுத்தும் வரை விடவில்லை.

பிறகுதான் எண்ணிப் பார்த்தேன். பலகையில் எட்டுச் சிப்புகள். இந்த மெசினுக்கு ஒன்பது வேண்டும். மற்ற எட்டும் பிழை விடுகின்றனவா என்று காவல் பார்ப்பதற்கு ஒன்பதாவது. மலிவு மெமரி செய்தவன் காவல்காரனை வேலையிலிருந்து நிற்பாட்டிவிட்டான். ஐயா வெளியே போய் மாமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். தேத்தண்ணித் தட்டோடு வந்த புஷ்பமக்காதான் சொன்னார்: "மூடியும் மூடுதில்லை, வாயும் மூடுதில்லை."

எனக்குத் தெரியாமல் வந்தவன்

அடுத்த கிழமை போனால், அறைவாசலில் ஜெயசீலனின் செருப்பு. ஐயா எனக்குச் சொல்லாமல் ஆள் அனுப்பியிருக்கிறார். உள்ளே ஜெயசீலன், கப்பலில் வேலை செய்யும் தன் ஒன்றுவிட்ட தமையன் கொண்டுவந்த வேறு நாலு பலகைகளைப் பூட்டி முடித்திருந்தான். ஒன்பது சிப்பு. உயரமும் அளவு. மூடி மூடியது. சுவிச்சைப் போட மெசின் சத்தமில்லாமல் எண்ணிக்கொண்டு போய் எட்டில் நின்றது. புஷ்பமக்கா அவனுக்குக் கொழுக்கட்டை கொண்டுவந்தார். எனக்கும் தந்தார்தான், இரண்டாவதாக.

ஐயா படிக்கட்டைக் கீறத் தொடங்கினார். ஒரு படி, இரண்டு படி, திருப்பம். திரை கறுத்தது. மறுபடி போட்டோம், மறுபடி கறுத்தது. பலகைகள் மெசினின் வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. எண்ணச் சொன்னால் எண்ணும், ஓடச் சொன்னால் விழும். எல்லாரும் தலையில் கைவைத்து நிற்க, நான் குனிந்து கறுத்த திரையைத் துவாயால் துடைக்கத் தொடங்கினேன். ஜெயசீலன் என் காதுக்குக் கிட்ட வந்து மெதுவாகச் சொன்னான்: "சிரிக்காதை மச்சான். கண்ணாடியிலை உன்ரை முகம் தெரியுது."

எறும்பு

அதற்கிடையில் கரவெட்டித் தருமலிங்கத்தின் மெசின் படுத்துவிட்டது என்று செய்தி வந்தது. ஜெயசீலனுக்குக் காய்ச்சல், ஆகையால் நான் போனேன். மூடியைத் திறந்தால் உள்ளே எறும்புகள் குடும்பத்தோடு குடியிருந்தன. பக்கத்தில் பனங்கட்டிக் குட்டான் வைத்து, இனிப்பைக் கடித்துக் கடித்துத் தேத்தண்ணி குடித்தால் வேறென்ன நடக்கும்? ஊதித் துடைத்துக்கொண்டு வந்தபோது மெமரிப் பலகைகளில் கண் போனது. எட்டுப் பலகைகள். ஒவ்வொன்றிலும் ஒன்பது சிப்பு. உயரம் அளவு. வேகம், எஞ்சினியருடைய மெசின் கேட்கும் அதே வேகம். ஒரு பலகையின் முதுகில் ஒட்டியிருந்த துண்டில், இன்ன மெசினுக்கு உகந்தது என்று எஞ்சினியருடைய மெசினின் பெயரே அச்சடித்திருந்தது! அந்தச் சிங்கப்பூர்க் கடைக்காரன் கையில் அகப்பட்டதை எடுத்துப் பூட்டிக் கொடுத்திருக்கிறான். எதையும் ஏற்கும் மெசின் அதையும் ஏற்றிருக்கிறது.

நான் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. பின்னால் நின்ற தருமலிங்கம் தொண்டையைச் செருமினார். "அண்ணையின்ரை மெசினிலை இப்ப எத்தினை?"

"நாலுதான், ஐயா."

அவர் முகம் விடிந்தது. மனைவியைக் கூப்பிட்டு எனக்குச் சோறு போடச் சொன்னார். "எறும்பு வந்தால் என்ன, என்ன வந்தால் என்ன தம்பி. இண்டைக்கு நல்ல நாள்."

கத்தரிக்காய் கேட்கிறமாதிரி

நேரே மருதனார்மடத்துக்குச் சைக்கிளை விட்டேன். காய்ச்சலில் கிடந்த ஜெயசீலனுக்கு இதைச் சொல்ல எனக்கு என்ன விசரே? ஐயா கேட்டதும் எழும்பிவிட்டார். முதலில் சந்தோசம், பிறகு முகம் சிவந்தது. "உவனிட்டை நான் கேக்கிறதோ? மாமா உயிரோடை இருக்கேக்கை முதல் பந்தியிலை எனக்குத்தான் இலை. உவன் ரண்டாம் பந்தி. இப்ப நான் போய் உவன்ரை வாசலிலை நிக்கிறதோ? பிளானைக் கையாலை கீறுறன், போம்."

கையால் கீறினால் இரண்டு மாடிக்கும் எவ்வளவு காலம் எடுக்கும், வெளிநாட்டுக்காரர் அதுவரை பொறுப்பார்களா என்பது அவருக்கே தெரியும். போன கிழமை ஊரில் ஒரு பெண்ணை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில் வண்டிலுக்குள்ளேயே பிள்ளை பிறந்ததும் அவருக்குத் தெரியும். நான் அதைச் சொல்லத் தேவைப்படவில்லை. புஷ்பமக்கா ஏற்கெனவே சேலை மாற்றிக் குடையை எடுத்துவிட்டார். "நீங்கள் ஒண்டும் கேக்கவேண்டாம். அது என்ரை தங்கச்சி வீடு. நாலு கத்தரிக்காய் கேக்கிறமாதிரிக் கேட்டுக்கொண்டு வாறன்."

சோத்துப்பெட்டி

மறுநாள் தருமலிங்கமே வந்தார். கையில் ஒரு அலுமினியச் சோத்துப்பெட்டி. பலகைகளைப் பிளாஸ்ரிக் பையில் போடவேண்டாம், உரசினால் மின் பிறந்து சிப்பு பழுதாகும், தகரத்தில் வைத்துக் கொண்டுவரவேண்டும் என்று நான் புஷ்பமக்காவிடம் சொல்லி அனுப்பியிருந்தேன். திறந்தால் உள்ளே நாலு பலகைகள், வெள்ளித்தாளில் சுற்றி. தன்னுடைய எட்டில் பாதியை அவரே, எறும்பு துடைக்கப் போனபோது நான் மறந்துவிட்டு வந்த பழைய ஸ்குரூ றைவரால் கழற்றியிருந்தார். மச்சான்மாரும் இல்லை, அண்ணன் தம்பியும் இல்லை, சகலன்மார். இருவரும் ஒருவரை ஒருவர் பாராமல் ஆளுக்கொரு பக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் பூட்டினேன். மூடி மூடியது. மெசின் எட்டு வரை எண்ணியது. ஐயா படிக்கட்டைக் கீறினார். திருப்பம் வந்தது, கைபிடி வந்தது, மேல்மாடியில் போய்ச் சேர்ந்தது. திரை அசையவில்லை.

தருமலிங்கம் கிட்ட வந்து குனிந்து பார்த்தார். ஐயா விரலால் காட்டிக் காட்டி, இது தாய்மார் படுக்கும் இடம், இது பிள்ளைகளைக் குளிப்பாட்டும் இடம் என்று விளங்கப்படுத்தினார். அவர்கள் இரண்டு பேரும் அவ்வளவு நேரம் கதைத்ததை அதற்கு முன் கண்டதில்லை என்று புஷ்பமக்கா பிறகு சொன்னார். தருமலிங்கம் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவர். மாமனார் வீட்டில் அதைச் சொல்லாமல் விட்ட நாளில்லை. அவர் திரையின் மூலையை விரலால் தொட்டுக் கேட்டார்: "அண்ணை, கோயிலிலை ஒரு ரியூப் லைற் குடுத்தாலும் உபயம் எண்டு பேர் எழுதுகினம். உந்தப் படத்தின்ரை ஒரு மூலையிலை என்ரை பேரும் வருமோ?"

உபயம்

ஐயா கீபோட்டைத் தன் பக்கம் இழுத்தார். பிறகு, எஞ்சினியர் தன் பெயர் போடும் அந்தச் சின்னக் கட்டத்துக்குள், தன் பெயருக்கு நேர் கீழே, அதே அளவு எழுத்தில், தருமலிங்கத்தின் பெயரை அடித்தார். அந்த மெசினில் தமிழ் எழுத்து இல்லை, இங்கிலீசில்தான். பக்கத்தில் 'உபயம்' என்பதையும் இங்கிலீசு எழுத்திலேயே அடித்தார். வெளிநாட்டில் அதைப் பார்த்தவர்கள் ஏதோ கட்டிடக் கலைச் சொல் என்று நினைத்திருப்பார்கள்.

அந்தக் கட்டத்தில் இன்னொரு பெயருக்கும் இடமிருந்தது என்பதை நான் கவனிக்காமலில்லை. தாள் பிரின்ரரிலிருந்து இறங்கியதும் தருமலிங்கம் இரண்டு கையாலும் வாங்கி, என்னிடம் நீட்டி மெதுவாகக் கேட்டார்: "தம்பி, கரவெட்டி எண்டும் போட்டிருக்கோ, பாரும்."

மாலை

பிளான் போனது, பதில் வந்தது, அடிக்கல் நாட்டினார்கள். எஞ்சினியர் ஐயா ஊர்ச்சங்கத் தலைவரிடம், மெமரி கண்டுபிடித்த கொம்பியூட்டர்க் கடைத் தம்பிக்கும் ஒரு மாலை போடவேண்டும் என்று சொல்லி வைத்திருந்தார். எனக்கு அது முதல்நாளே தெரியும். புதுச் சேட்டு, முன்வரிசைக் கதிரை. தலைவர் மாலையோடு இறங்கி வந்தார், என்னைக் கடந்து போனார், எனக்குப் பின்னாலிருந்த ஜெயசீலனின் கழுத்தில் போட்டார். சனம் கைதட்டியது. ஜெயசீலன் எழும்பி என்னைக் காட்டி ஏதோ சொன்னான். கைதட்டலில் அது தலைவருக்குக் கேட்கவில்லை. அவர் என்னை ஜெயசீலனின் உதவியாள் என்று நினைத்து முதுகில் தட்டிவிட்டுப் போனார்.

கூட்டம் முடிந்து சைக்கிள் எடுக்கும்போது அவன் மாலையைக் கழற்றி என் ஹாண்டிலில் கொழுவினான். நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. பத்துப் பன்னிரண்டு மிதி மிதித்த பிறகு பக்கத்தில் வந்துகொண்டே சொன்னான்: "ஈரப் பூ, மச்சான். சேட்டெல்லாம் நனைஞ்சு போச்சு. நல்லகாலம் உனக்குப் போடேல்லை."

கரண்ட் போன பிறகு

தொண்ணூறில் சண்டை மறுபடி தொடங்கியது, கரண்ட் போனது. போனது போனதுதான். சீமெந்தும் வரவில்லை. பிரசவ விடுதி கீழ்மாடியோடு நின்றது. படிக்கட்டை முதலே கட்டிவிட்டார்கள். அதால் ஏறி மொட்டைமாடியில் பிள்ளைத் துணி காயப்போட்டார்கள். ஆனால் கீழே குப்பி விளக்கு வெளிச்சத்தில் பிள்ளைகள் பிறந்துகொண்டுதான் இருந்தன. முன்பு ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் வண்டிலுக்குள்ளேயே பேரப்பிள்ளையைக் கண்டவர், தன் அடுத்த பேரப்பிள்ளையை அங்கே தூக்கினார். எங்கள் கடை சைக்கிள் டைனமோவில் றேடியோ பாடவைக்கும் கடையாக மாறியது. அதிலும் ஜெயசீலன் செய்வதுதான் கூடச் சத்தமாகப் பாடுகிறது என்று சனம் சொன்னது.

ஒருநாள் மருதனார்மடச் சந்தையில் இரண்டு சகலன்மாரையும் ஒன்றாகக் கண்டேன். ஐயா மரக்கறிப் பையோடு நின்றார், தருமலிங்கம் வெங்காயம் கட்டிய சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். மெசின் எப்படி என்று கேட்டேன். பூப்போட்ட உறைக்குள் தூங்குகிறது என்றார் ஐயா. "தம்பி, உன்ரை நாலு பலகையையும் கழற்றித் தரட்டோ?" என்று தருமலிங்கத்திடம் கேட்டார். மற்றவர் சிரித்த சிரிப்பில் சைக்கிள் சாய்ந்துவிட்டது. "விடுங்கோ, அண்ணை. அங்கையும் பூச்சியம், இஞ்சையும் பூச்சியம். கலியாணம் முடிச்ச நாளிலையிருந்து இப்பதான் நாங்கள் ரண்டு பேரும் சரிசமன்."

அந்தத் தொழிலில் இருந்த காலம் முழுக்கத் தன்னிடம் உள்ளது போதும் என்று சொன்ன ஒரு வாடிக்கையாளரையும் நான் சந்திக்கவில்லை, அப்படிச் சொல்லக்கூடிய திருத்துநர் ஒருவரையும் எங்கள் கடைக் கண்ணாடியில் முகம் பார்க்கும்போதும் கண்டதில்லை.